பேஸ் கிற்றாருக்கு எந்தக் கம்பி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த பேஸ் கிற்றார்காரரை எண்ண இரண்டு கை விரல்கள் காணும். அதில் பாதிப் பேர், கிற்றாரை வாங்கிய நாளில் பூட்டியிருந்த கம்பியிலேயே இன்றும் வாசிக்கிறார்கள். கறள் பிடித்து, வாசித்து முடிய விரல் நுனியில் கறுப்பு ஒட்டுகிற கம்பி. "அண்ணை, சத்தம் செத்துப் போச்சு. அம்பிளிபயரை மாத்துவமோ?" என்று ஒரு தம்பி போன கிழமை கேட்டான். அம்பிளிபயரில் ஒரு பிழையும் இல்லை. கம்பியை மாற்று என்றேன். "எந்தக் கம்பி?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கடையில் போய்க் "கம்பி" என்று கேட்டால் ஆறு கம்பிக் கிற்றாருக்கு உரியதை எடுத்து நீட்டுவார்கள். "பேஸ் ஸ்ரிங் செற், நாலு கம்பி" என்று முழுதாகக் கேளுங்கள்.

படி 1: அளவு நாடாவை எடுங்கள்

தலைப்பக்கம், கம்பிகள் பள்ளத்தில் இருக்கிற சின்னக் கட்டைதான் நட். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். அந்த நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அளந்தது 17 அங்குலம் என்றால் உங்களுடையது 34 அங்குலக் கிற்றார். இதை லோங் ஸ்கேல் என்பார்கள். பெரும்பாலான பேஸ் கிற்றார்கள் இதுதான். அளந்தது 15 என்றால் 30 அங்குலம், ஷோர்ட் ஸ்கேல். இடையில் 32, அதற்கு மேல் 35 என்றும் உண்டு.

இதை ஏன் முதலாவதாகச் சொல்கிறேன் என்றால், நான் பட்ட பாடு அப்படி. ஒருமுறை கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு செற் எடுப்பித்தேன். ஆசையாகப் பூட்டினால், நூல் சுற்றிய மெல்லிய நுனி நட்டையும் தாண்டி முதலாவது ஃபிரெட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: ஷோர்ட் ஸ்கேல். வெட்டி வளைத்த கம்பியை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுப்பார்? அந்தப் பெட்டி இப்போதும் அலுமாரிக்குள் கிடக்கிறது.

படி 2: இப்போது இருக்கிற கம்பி உயிரோடு இருக்கிறதா?

கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, கம்பியைக் கொஞ்சம் தூக்கி, ஃபிரெட்டைப் பார்க்கிற அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஃபிரெட் இருக்கிற இடங்களில் சின்னச் சின்ன நசிவுகள் தெரியும். சுற்றுகளுக்கு இடையில் அழுக்கு இறுகியிருக்கும். நசிவும் அழுக்கும் சேர்ந்தால் கம்பி ஒரே சீராக அதிராது. சுருதி பார்க்கிற ரியூனர் சரி என்று காட்டினாலும் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகும்.

கம்பியைக் கழற்றி ஐந்து பத்து நிமிடம் தண்ணீரில் அவித்து, நன்றாகத் துடைத்து, காயவைத்துத் திரும்பப் பூட்டுகிற பழக்கமும் இருக்கிறது. அழுக்குக் கழன்று பளிச்சென்ற சத்தம் திரும்பும், ஆனால் கொஞ்சக் காலத்துக்குத்தான். அவசரத்துக்குச் சரி. நசிந்த கம்பியை எந்தத் தண்ணீரும் நிமிர்த்தாது.

படி 3: சுற்று. உண்மையான தெரிவு இங்கேதான்

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் உருக்குக் கம்பி ஒன்று, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. வெளியே சுற்றுகிற அந்தக் கம்பியின் வடிவம்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது.

உருண்டைக் கம்பியால் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். நகத்தால் நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள், "கிறீச்" என்று கத்தும். கணீரென்ற சத்தம். விரல் நகர்கிற ஓசையும் கூடவே வரும். அரம் மாதிரி இருப்பதால் ஃபிரெட்டையும் மெல்ல மெல்லத் தேய்க்கும். ஃபிரெட் இல்லாத கிற்றாரில் பலகையையே தேய்க்கும்.

தட்டை நாடாவால் சுற்றினால் ஃப்ளட்வவுண்ட். தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். சத்தம் உருண்டு திரண்டு வரும். மத்தளத்தின் தொப்பிப் பக்கத்தைத் தட்டினாற்போல "தும்" என்று விழுந்து அடங்கும். 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது அதில் இருந்தது இந்த வகைதான். ரவுண்ட்வவுண்ட் அறுபதுகளில்தான் பரவியது. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த ஃப்ளட்வவுண்ட் கம்பிகளையே பூட்டியிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்று பேர் வாங்கியவர். பழைய கம்பி என்று நம் பெடியளை நான் பேசும்போது அவர்கள் எடுத்து வீசுகிற பெயரும் இதுதான். ஃப்ளட்வவுண்டில் அழுக்குப் போய் இறுக இடைவெளி இல்லையடா, அதனால்தான் அது தாங்குகிறது என்று நான் திருப்பிச் சொல்வேன்.

உருண்டையாகச் சுற்றிவிட்டு மேற்பரப்பை மட்டும் அரைத்து மட்டமாக்கியது ஹாஃப்ரவுண்ட். இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நைலோன் நாடா சுற்றியது டேப்வவுண்ட்; பெரும்பாலும் கறுப்பு நிறம், விரலுக்கு மெது. உள்ளே உருக்கு இருப்பதால், கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கிற பிக்கப் அதையும் பிடிக்கும். ஆனால் சில செற்றுகள் தடிப்பானவை, நட்டின் பள்ளத்துக்குள் இறங்காது.

சரி, எதை வாங்குவது? எங்கே வாசிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

கோயில் திருவிழா மேடை என்றால் ரவுண்ட்வவுண்ட். காரணம் இருக்கிறது. பேஸின் தடித்த கம்பியான ஈ, நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. வாடகைக்கு வருகிற குழாய் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தராது. வீட்டில் பழகுகிற சின்ன அம்பிளிபயரும் அப்படித்தான். அவற்றில் நாம் கேட்பது அந்த அடிச்சத்தத்தை அல்ல, அதற்கு மேலே எழுகிற மேற்சுரங்களை. ரவுண்ட்வவுண்டில் அவை நிறைய. ஃப்ளட்வவுண்டில் குறைவு, குழாய் ஸ்பீக்கரில் போட்டால் நீங்கள் வாசிக்கிறீர்களா இல்லையா என்றே சனத்துக்குத் தெரியாது.

தேவாலயத்தில் பாடகர் குழாமோடு வாசிக்கிறவர்களுக்கு இது தலைகீழ். சீமெந்துச் சுவர், உயர்ந்த கூரை, எல்லாம் எதிரொலிக்கும். அங்கே ரவுண்ட்வவுண்டின் "கிறீச்" பாட்டுக்குக் குறுக்கே வந்து விழும். ஃப்ளட்வவுண்ட் பாடுகிற குரல்களுக்குக் கீழே பாய் விரித்த மாதிரி அடங்கிக் கிடக்கும்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெயில், வேர்வை, பரந்தன் - முல்லைத்தீவு றோட்டுப் புழுதி, முல்லைத்தீவுக் கரை என்றால் உப்புக்காற்றும் சேர்த்தி. கடும் வெயிலில் வேர்வைக் கையோடு வாசித்தால் என் ரவுண்ட்வவுண்ட் இரண்டு மூன்று மாதத்தில் மங்கிவிடுகிறது. ஃப்ளட்வவுண்ட் வருடக்கணக்கில் நிற்கிறது. முதல் விலை கூடத்தான். ஆனால் ஒவ்வொரு செற்றுக்கும் யாழ்ப்பாணமோ கொழும்போ பார்க்க வேண்டிய எங்களுக்கு அது கடைசியில் மலிவு. நான் இப்போது ஃப்ளட்வவுண்ட் ஆள். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் ரவுண்ட்வவுண்ட் பூட்டி, கம்பியின் முழுச் சத்தத்தையும் கேட்டுப் பழகட்டும் என்பது என் எண்ணம்.

படி 4: தடிப்பு

பெட்டியில் 45-65-85-105 என்று நாலு எண்கள் இருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 45 பங்கு, 65 பங்கு என்று பொருள். 105 என்பது ஏறத்தாழ 2.7 மில்லிமீற்றர். புதியவருக்கு இந்த 45-105 போதும். விரல் நோகிறது, கை சின்னது என்றால் 40-100 அளவில் மெல்லியது எடுங்கள். அழுத்த இலகு, ஆனால் ஓங்கி இழுத்தால் ஃபிரெட்டில் பட்டுக் கடகடக்கும். 50-110 போன்ற தடிப்பு இப்போதைக்கு வேண்டாம். ஐந்து கம்பிக் கிற்றாருக்கு 125 அல்லது 130 அளவில் ஒரு கம்பி கூட வரும்.

தடிப்பை மாற்றினால் கழுத்தின் இழுவையும் மாறும். கழுத்து வளைந்து கம்பி உயர்ந்துவிட்டால், உள்ளே ஓடுகிற இரும்புக் கோலை அலன் கீயால் திருப்பிச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

படி 5: உலோகம்

இதில் அதிகம் மூளையைக் கசக்க வேண்டாம். நிக்கல் பூசிய உருக்கு நடுத்தரம், எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச்சென்றது; வேர்வையைத் தாங்கும், ஃபிரெட்டைத் தேய்க்கும். தூய நிக்கல் மெதுவானது. மேலே மெல்லிய பூச்சுப் போட்டவையும் உண்டு, ஆயுள் கூட, விலையும் கூட. வெண்கலக் கம்பியை மட்டும் மின் பேஸுக்கு வாங்காதீர்கள். அது அக்குஸ்டிக் பேஸுக்கு உரியது, காந்தப் பிக்கப் அதைச் சரியாகப் பிடிக்காது.

படி 6: பூட்டுதல்

ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். புதுக் கம்பியை, கிற்றாரின் உடம்பில் கம்பி பூட்டுகிற பிரிட்ஜ் வழியாக இழுத்து, நட்டின் பள்ளத்தில் வைத்து, தலைப்பக்கத்தில் அது போய்ச் சுற்றவேண்டிய சாவித்தண்டைத் தாண்டி அரைச் சாண் அளவு விடுங்கள். அந்த இடத்தில் முதலில் கம்பியை நன்றாக மடியுங்கள். மடித்த பிறகு, மடிப்புக்கு அப்பால் குறடால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சில கம்பிகளின் சுற்றுக் கழன்று தளர்ந்துவிடும். என் முதல் ஃப்ளட்வவுண்ட் செற்றின் ஈ கம்பியை அப்படித்தான் கொன்றேன். தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டின சத்தம். தனிக் கம்பி கிடைக்கவில்லை. மூன்று புதுக் கம்பியும் ஒரு பழைய கம்பியுமாக அந்த வைகாசிப் பொங்கல் முழுக்க வாசித்தேன்.

வெட்டிய நுனியைத் தண்டின் நடுத்துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரும்படி முறுக்குங்கள். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறக்கூடாது. சுருதி சேர்த்தபின் கம்பியை மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு, திரும்பச் சேருங்கள். அடுத்த நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். பயப்படாமல் இன்னொருமுறை சேருங்கள். வாசித்து முடிந்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டு ஒன்றால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து உறைக்குள் வையுங்கள்.