கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர்களுக்கு கேமிங் பிசி சாமான் என்றாலே பஸ் ஏறுகிற வேலைதான். கோவைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பாலக்காட்டுக்கு, எப்படியும் அரைநாள் காலி. தப்பான பொருளை வாங்கிவிட்டால் மாற்றிவர இன்னொரு அரைநாள், அதுவும் கடைக்காரர் ஒத்துக்கொண்டால்.

பக்கத்து வீட்டுத் தம்பி இப்படித்தான் காசு சேர்த்து, யாரையும் கேட்காமல் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி வந்தான். ராத்திரி எட்டு மணிக்கு வந்து, "அண்ணா, கார்டுல எட்டு பின் கேக்குது, எஸ்எம்பிஎஸ்ல அந்த ஒயரே இல்ல" என்கிறான். கையில், சாதா ஒயரை எட்டு பின்னாக மாற்றும் நாற்பது ரூபாய் கன்வெர்ட்டர் ஒன்று வேறு தயாராக இருந்தது. நல்லவேளை, மாட்டுவதற்கு முன் காட்டினான்.

அவனுடைய எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி, கேபினட்டோடு சும்மா வந்தது. மேலே பெரிதாக 500 வாட் என்று போட்டிருக்கிறது, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர்தான். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 3060 மட்டும் 170 வாட், அவனுடைய பழைய ஐ5 6500 ஒரு 65 வாட், அங்கேயே கணக்கு தாண்டிவிட்டது. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட், எட்டு பின் ஒயர் 150 வாட். கன்வெர்ட்டர் போட்டால் பின் பொருந்தும், மின்சாரம் எங்கிருந்து வரும்? ஒயர் சூடாகிக் கருகலாம், அவ்வளவுதான். 80 பிளஸ் முத்திரையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றிதழ், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்துக்கு அல்ல.

இதில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. மூன்று வருடம் முன்னால் மாடுலர், அதாவது ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற, புது எஸ்எம்பிஎஸ் வாங்கி, பழையதின் ஒயர்கள் அழகாகக் கட்டியிருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மட்டும் மாற்றினேன். ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியின் பக்கம் வரும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் வேறு. ஸ்விட்ச் போட்டதும் ஒரு வாசனை, எஸ்எஸ்டி போயிற்று, கூடவே நாலு வருட போட்டோவும். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் ஒயரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சரி, தம்பிக்கு 550 வாட்டில் உருப்படியான ஒன்று வாங்கிப் போட்டோம். அப்புறம் பார்த்தால் ஷூட்டிங் கேமில் கார்டின் உழைப்பு 50 சதவீதத்தைத் தாண்டவே இல்லை, பிராசஸரின் நாலு கோரும் 100இல் நிற்கிறது. இதைக் கார்டு வாங்குவதற்கு முன்பே செலவில்லாமல் தெரிந்துகொண்டிருக்கலாம். இருக்கிற பிசியிலேயே, கேமின் வேகத்தைத் திரையோடு கட்டிப்போடும் விசிங்க் செட்டிங்கை அணைத்துவிட்டு, கேமின் ரெசல்யூஷனை (படத்தின் நுணுக்கத்தை) 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எண், சட்டென்று ஏறினால் கார்டுதான் திணறுகிறது, புதுக் கார்டு பலன் தரும். ஏறாமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் பிராசஸரோ ராமோதான் இடிக்கிறது, எத்தனை ஆயிரத்துக்குக் கார்டு போட்டாலும் அந்த எண்ணைத் தாண்டாது. இணையத்தில் இரண்டு பெயரைக் கொடுத்தால் சதவீதம் சொல்கிற கால்குலேட்டர்களை நம்பாதீர்கள், கேமுக்குக் கேம் கதை வேறு.

பிராசஸர் என்றதும் அவன் அடுத்த பள்ளத்துக்குத் தயாராகிவிட்டான். 9ஆம் தலைமுறை ஐ5 9400எஃப் மலிவாகக் கிடைக்கிறதாம், "சாக்கெட் 1151தானேண்ணா". பின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் 6, 7ஆம் தலைமுறைக்கு வந்த 100, 200 வரிசை போர்டில் 8, 9ஆம் தலைமுறை வேலை செய்யாது. அவனுடையது அந்த 100 வரிசை எச்110 போர்டு, அதற்கு 7ஆம் தலைமுறை ஐ7 7700 வரிசைதான் மேல்படி. அதிலும் காசைக் கொட்டாதே என்றேன், விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இந்தப் பிராசஸர்களை ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2018இல் வாங்கிய பி450 போர்டில்கூட ரைசன் 5000 வரிசை பிராசஸர் உட்காரும். ஆனால் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்துவிட வேண்டும், யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுத்தான். துலா மழை நேரத்து மத்தியானத்தில் வேண்டவே வேண்டாம், இங்கே இடி இடித்தால் அடுத்து கரண்ட் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த யுபிஎஸ்ஸும் ஒரு பிரச்சினைதான். வீட்டில் இருக்கிற 600 விஏ பெட்டி பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவே கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

ராமில் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்குங்கள். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடச் சொல்லியிருப்பார்கள். 3200 வேகம் என்று வாங்கியது பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை இயக்காவிட்டால் பல போர்டுகளில் 2133லோ 2400லோதான் ஓடும். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும்.

மலிவுக் கார்டில் ஒரு கண்ணி: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு மதர்போர்டோடு பேச நாலே லேன், அதாவது நாலே தடம். கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3 என்ற பழைய தலைமுறையாக உள்ள போர்டில் போட்டால் நன்றாகவே வேகம் குறையும். பழைய போர்டுக்குத்தான் மலிவுக் கார்டு தேடுவோம், அதற்கே இது பொருந்தாது என்பதுதான் கொடுமை.

கேபினட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் லைட் என்றால் எங்கள் ஊருக்கு ஆகாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு பக்கம் 40 டிகிரியைத் தொடும், அறையே 35 என்றால் அடைத்த பெட்டிக்குள் என்ன இருக்கும்? வலை முகப்பு வாங்குங்கள், தூசி வடிகட்டியோடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியை மாதம் ஒரு தடவை தட்டினால் போதும்.

பில் வேண்டாம் என்றால் விலை குறைப்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சந்தோஷமாக இருக்கும், ஆனால் வாரண்டிக்குப் போய் நின்றால் கடைக்காரர் உங்களைப் பார்த்ததே இல்லை என்பார். சீரியல் நம்பர் எழுதிய பில்லாகக் கேளுங்கள்.

தம்பி போன வாரம் மறுபடி வந்தான், "எஃப்பிஎஸ் முன்னைவிட மோசமா இருக்குண்ணா". போய்ப் பார்த்தேன். வீட்டைக் கூட்டும்போது அவன் அம்மா கழற்றிய மானிட்டர் ஒயரை, கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகி வைத்திருக்கிறான். வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.