வீட்டில் ஹார்ட்ஸ் ஆடுவது எப்படி: ஸ்பேடு ராணியை யார் தலையில் கட்டுவது?

வீட்டில் சீட்டாடும்போது மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டங்களில்தான். "நான்தான் ஏஸ் போட்டேனே, அதுக்கு மேல நீ ஏன் துருப்பு அடிச்சே" என்று ஒருவர் கேட்க, புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை முகம் சுருங்கிப் போக, அந்த மாலை அதோடு முடிந்துவிடும். அதனால் குடும்பத்தோடு ஆட எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் ஹார்ட்ஸைத்தான் சொல்வேன். இதில் ஜோடி கிடையாது, துருப்பு கிடையாது, ஏலம் கேட்பதும் கிடையாது, அவரவர் தப்பு அவரவருக்கு. முக்கியமாக, ஜெயிக்கப் பெரிய சீட்டு வேண்டும் என்ற கணக்கே இங்கே தலைகீழ்: சுற்றை எடுக்காமல் தப்பிப்பவர்தான் கெட்டிக்காரர். கை நிறைய இரண்டும் மூன்றும் வந்தால் சந்தோஷப்படலாம்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. ஒருவர் ஒரு சீட்டை இறக்குவார், மற்ற மூவரும் அதே இனத்தில் (ஸ்பேடு, ஹார்ட்டின், கிளாவர், டைமண்ட் என்று நான்கு இனம்) ஒரு சீட்டுப் போட வேண்டும், அந்த இனத்தில் பெரியதைப் போட்டவர் நான்கையும் அள்ளிக்கொண்டு அடுத்த சுற்றைத் துவக்குவார். ஏஸ்தான் பெரியது, பிறகு ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று இறங்கி 2 வரை. கேட்ட இனம் கையில் இல்லாவிட்டால் எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வேறு இனத்தில் எவ்வளவு பெரிய சீட்டைப் போட்டாலும் அது சுற்றை எடுக்காது. அள்ளிய சீட்டுகளில் ஒவ்வொரு ஹார்ட்டினுக்கும் 1 புள்ளி, ஸ்பேடு ராணிக்கு மட்டும் 13. ஆக ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் 26 புள்ளி. புள்ளி என்பது இங்கே பாரம், குறைவாக வைத்திருப்பவருக்கே வெற்றி.

இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. கிளாவர் இரண்டு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அதை இறக்கி ஆட்டத்தைத் துவக்க வேண்டும். அந்த முதல் சுற்றில் புள்ளி உள்ள சீட்டு எதையும் போடக் கூடாது. அப்புறம், யாராவது ஒருவர் கேட்ட இனம் இல்லாமல் ஒரு ஹார்ட்டினைப் போட்டு 'திறந்த' பிறகுதான் ஹார்ட்டினை இறக்கி ஒரு சுற்றைத் துவக்கலாம், கையில் ஹார்ட்டின் மட்டுமே மிஞ்சியிருந்தால் தவிர. சீட்டைப் பங்கிட்டதும் ஆளுக்கு மூன்று சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்: முதல் ஆட்டத்தில் இடப்பக்கத்தாருக்கு, இரண்டாவதில் வலப்பக்கத்தாருக்கு, மூன்றாவதில் எதிரே இருப்பவருக்கு, நான்காவதில் மாற்றமே இல்லை, மறுபடி முதலிலிருந்து. வாங்கிய சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும், இதை மட்டும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இத்தனையையும் ஒரே மூச்சில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடமோ, சீட்டைத் தொட்டு முப்பது வருடம் ஆன பாட்டியிடமோ சொன்னால் யாருக்கும் ஏறாது. பலர் சறுக்குவது இங்கேதான். படிப்படியாகக் கொண்டுபோங்கள். முதல் ஆட்டத்தில் எல்லோரும் சீட்டை மேசைமேல் விரித்து வைத்தே ஆடுங்கள், மாற்றமும் வேண்டாம், ஸ்பேடு ராணிக்குப் புள்ளியும் வேண்டாம், ஹார்ட்டின் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று 13 புள்ளிக்கு மட்டும். "இப்போ டைமண்ட் கேட்டிருக்காங்க, உன்கிட்ட டைமண்டே இல்லை, அப்போ எந்தச் சீட்டைக் கழிச்சா உனக்கு நல்லது?" என்று கேட்டுக் கேட்டு ஆடினால் பத்து நிமிடத்தில் ஆட்டத்தின் உயிர் புரிந்துவிடும். உண்மையில் 1880களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பரவத் தொடங்கியபோது அதுவும் இப்படி எளிமையாகத்தான் இருந்தது, ஸ்பேடு ராணி பின்னால் வந்து சேர்ந்தவள். இரண்டாவது ஆட்டத்தில் சீட்டை மறைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதில் ராணியைச் சேருங்கள், அது பிடிபட்ட பிறகு மூன்று சீட்டு மாற்றம். மாற்றத்தைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது: எந்தச் சீட்டு ஆபத்தானது என்று ஒருமுறையாவது சூடு பட்டால்தான் எதைத் தள்ளிவிடுவது என்று தெரியும்.

சின்னக் கையில் 13 சீட்டு நிற்காது. நிமிர்த்தி வைத்த இரண்டு தடிப் புத்தகங்களுக்குப் பின்னால் சீட்டை வரிசையாகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள், போதும். கையில் பிடிப்பவர்களும் இனம் இனமாக, ஸ்பேடு, ஹார்ட்டின், கிளாவர், டைமண்ட் என்று கறுப்பும் சிவப்பும் மாறி மாறி வரும்படி அடுக்கிக்கொண்டால் ஹார்ட்டினையும் டைமண்டையும் குழப்பிக்கொள்ளும் தவறு பாதியாகக் குறையும். பார்வை மங்கியவர்களுக்கு எண் பெரிதாக அச்சிட்ட கட்டு கிடைக்கிறது, கட்டாயம் வாங்குங்கள்.

இனி ஆடும் முறை. எதைத் தள்ளுவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. புதிதாக ஆடுபவர்கள் ஸ்பேடு ராணி வந்ததும் பதறிப்போய் உடனே அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஆனால் ராணியோடு கூட நான்கைந்து சின்ன ஸ்பேடு இருந்தால் அவளை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஸ்பேடு கேட்கும்போதெல்லாம் சின்னதைப் போட்டுச் சமாளித்துவிட்டு, வேறு ஏதாவது இனம் தீர்ந்ததும் ராணியை யார் சுற்றிலாவது கழித்துவிடலாம். ஸ்பேடு ஏஸும் ராஜாவும்தான் உண்மையான தலைவலி. துணைக்குச் சின்ன ஸ்பேடு இல்லாமல் இவை வந்தால் முதலில் இவற்றைத் தள்ளுங்கள். சின்ன ஸ்பேடுகளை ஒருபோதும் தள்ளாதீர்கள், அவைதான் உங்கள் கவசம். ஸ்பேடில் பிரச்சினை இல்லையென்றால், இரண்டு மூன்று சீட்டு மட்டுமே உள்ள ஒரு கிளாவரையோ டைமண்டையோ மொத்தமாகத் தள்ளிக் காலி செய்துவிடலாம். ஒரு இனம் கையில் இல்லை என்பது ஹார்ட்ஸில் பெரிய சொத்து, அந்த இனம் வரும்போதெல்லாம் வேண்டாததைக் கழிக்கும் வாய்ப்பு உங்களுக்கு.

பெரிய சீட்டை எப்போது இறக்குவது? ஆரம்பத்தில். முதல் சுற்றில் புள்ளிச் சீட்டே விழாது என்பதால் கிளாவர் ஏஸ் இருந்தால் அங்கேயே போட்டுத் தொலையுங்கள். ஒரு இனத்தில் 13 சீட்டு, நான்கு பேருக்குச் சராசரியாக ஆளுக்கு மூன்று, அதனால் ஒரு இனத்தின் முதல் சுற்றில் பெரும்பாலும் எல்லோரிடமும் அது இருக்கும், மூன்றாவது சுற்றில்தான் ஆபத்து. நீங்கள் கடைசியாகப் போடுபவர், மேசையில் புள்ளி எதுவும் விழவில்லை என்றால், தயங்காமல் அந்த இனத்தின் பெரியதைப் போட்டு எடுங்கள், அது பின்னால் உங்களைக் கடிக்காமல் போகும். சின்னச் சீட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தால்தான் கடைசிச் சுற்றுகளில் தப்பிக்க முடியும்.

ராணி உங்களிடம் இல்லை, ஸ்பேடு ஏஸும் ராஜாவும் இல்லை என்றால் சின்ன ஸ்பேடாக இறக்கிக்கொண்டே இருங்கள். ராணியைப் பதுக்கி வைத்திருப்பவரிடம் சின்ன ஸ்பேடு ஒவ்வொன்றாகத் தீரும், கடைசியில் அவளை அவரே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். மேசையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இந்த இரண்டு மூன்று சுற்றுக்காகவே இந்த ஆட்டத்தை ஆடலாம். எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஸ்பேடு எத்தனை போயிற்று, ராணி வெளியே வந்தாளா என்று மட்டும் எண்ணப் பழகினாலே போதும்.

இன்னொரு திருப்பம் இருக்கிறது. ஒருவரே 13 ஹார்ட்டினையும் ஸ்பேடு ராணியையும் மொத்தமாக வாரிச் சுருட்டிவிட்டால் அவருக்குப் புள்ளி பூஜ்யம், மற்ற மூவருக்கும் ஆளுக்கு 26. படுமோசமான கை வந்தவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதால் இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். இதைத் தடுக்க ஒரே வழி, யாராவது ஒருவர் ஒரே ஒரு ஹார்ட்டினையோ ஸ்பேடு ராணியையோ வலிய எடுத்துக்கொள்வது. விழுந்த ஹார்ட்டின் எல்லாம் ஒருவரிடமே சேர்கிறது என்று தெரிந்ததும், அதுவரை ஒருவரை ஒருவர் மாட்டிவிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் சொல்லாமலேயே ஒன்று சேர்வார்கள். அந்த ஒரு புள்ளியை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. அதனால் பெரிய ஹார்ட்டின் ஒன்றைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது நல்லது, எல்லாவற்றையும் அவசரமாகக் கழித்துவிடாதீர்கள்.

வழக்கமாக ஒருவர் 100 புள்ளியைத் தொடும்வரை ஆடுவார்கள், அப்போது யாரிடம் குறைவோ அவருக்கு வெற்றி. பிள்ளைகள் இருந்தால் 50 என்று வையுங்கள். ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது 26 கூடுவதால் எப்படிப் பார்த்தாலும் 8 ஆட்டத்துக்குள் முடிந்துவிடும், தூக்கம் வருவதற்குள் முடிவு தெரியும். புள்ளி எழுதும் வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள், ஒவ்வொரு ஆட்டத்தின் கூட்டுத்தொகையும் 26 (ஒருவரே எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிய ஆட்டத்தில் மட்டும் 78) வருகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள், வராவிட்டால் யாரோ ஒரு ஹார்ட்டினை எண்ணாமல் விட்டிருக்கிறார்கள்.

கேட்ட இனம் இருந்தும் தெரியாமல் வேறு சீட்டைப் போட்டுவிடுவது வீட்டு ஆட்டத்தில் சகஜம். அடுத்த சுற்று துவங்குவதற்கு முன் தெரிந்தால் சீட்டை மாற்றிப் போடட்டும், பிறகு தெரிந்தால் அந்த ஆட்டத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பங்கிடுங்கள். தண்டனைப் புள்ளி எல்லாம் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் உட்காரும்போது வைத்துக்கொள்ளலாம். ஆனால் "என்கிட்ட ராணி இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வது, புருவத்தால் ஜாடை காட்டுவது, இதற்கு மட்டும் யாருக்கும் சலுகை வேண்டாம், தாத்தாவாக இருந்தாலும் சரி.

மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் டைமண்ட் இரண்டை எடுத்துவிடுங்கள், ஆளுக்கு 17 வரும். ஐந்து பேர் என்றால் கிளாவர் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு ஆளுக்கு 10, அப்போது துவக்கும் சீட்டு கிளாவர் மூன்று. ஆறாவதாக ஒருவர் வந்தால் சின்னவர் யாருடனாவது சேர்ந்து ஒரே கையை இருவராக ஆடச் சொல்லுங்கள். எல்லோருக்கும் கை பழகிய பிறகு டைமண்ட் ஜாக்கியை எடுத்தவருக்குப் பத்துப் புள்ளி குறையும் என்ற விதியைச் சேர்த்துப் பாருங்கள். அதுவரை எந்தச் சுற்றையும் எடுக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஆடியவரும் அந்த ஒரு சீட்டுக்காகக் கையை நீட்டுவார். அன்றைக்குப் புள்ளி எழுதுபவரிடம் மட்டும், கூட்டுத்தொகை இனி 16 வர வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.