கொடைக்கானல் குளிரில் கிறிஸ்துமஸ் வான்கோழி

நாலு கிலோ வான்கோழி போதும்; பெரிதாக வாங்கினால் வீட்டு ஓவனில் நுழையாது. முந்தைய நாளே கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு. வெண்ணெயில் மிளகும் நசுக்கிய மலைப்பூண்டும் குழைத்து, தோலுக்கு அடியில் நெஞ்சுப் பக்கம் தாராளமாகத் தள்ளுங்கள். மேலே பூசினால் பூண்டு கருகிக் கசக்கும். கரம் மசாலா வேண்டாம் என்பது என் கட்சி. மாமியார் கட்சி வேறு.

165 டிகிரி செல்சியஸில் சுமார் 3 மணி நேரம். நெஞ்சு சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள், தொடை வேக நேரமாகும். கடிகாரத்தை நம்பாதீர்கள், தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அப்புறம் 20 நிமிடம் விட்டு வெட்டுங்கள். வடிந்த சாறு கிரேவிக்கு.

கூட வைக்கும் உருளைக்கிழங்கிடம்தான் மலை வேலையைக் காட்டும்: இந்த 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவதால் கிழங்கு வேக நேரமாகும், முன்கூட்டியே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.