படலையிலிருந்து விறாந்தை வரை: மாணவர் குழுவாக ஒரு நிமிடக் காட்சி எடுப்பது எப்படி

முதன்முதலாகப் படம் எடுக்கக் கிளம்பும் மாணவர் குழு பெரும்பாலும் இருபது நிமிடக் கதையோடுதான் கிளம்பும். அதை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஒரு வீடு, இரண்டு பேர், மூன்று வரி வசனம் போதும். உதாரணத்துக்கு இப்படி ஒரு காட்சி: தம்பி படலையைத் திறந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான். விறாந்தைக் கதிரையில் அக்கா.

"ரியூசன் காசு குடுத்தனியோ?"
"ஓம்... குடுத்தனான்."
"அப்ப துண்டைக் காட்டு."

தம்பி சட்டைப் பையைத் தடவுகிறான். காசு கட்டியதற்கான துண்டு (ரசீது) இல்லை. அவ்வளவுதான். எடுக்க மூன்று மணி நேரம், வெட்டி முடிக்க இரண்டு பின்னேரம் ஒதுக்குங்கள்.

நடிப்பவர்கள் இருவரைத் தவிர நாலு பேர் வேண்டும்: இயக்குபவர், கமரா, ஒலி, குறிப்பு எழுதுபவர். கடைசி ஆளை எல்லாக் குழுவும் "சும்மா நிக்கிற ஆள்" என்று நினைக்கும். உண்மையில் எடிட்டிங் மேசையில் குழுவைக் காப்பாற்றுவது அவருடைய கொப்பிதான். எந்த வரியில் தம்பி எந்தக் கையால் பையைத் தொட்டான், மேல் பொத்தான் பூட்டியிருந்ததா, எத்தனையாவது டேக் (ஒரே ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு டேக்) நல்லது, எதில் நாய் குரைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷாட் முடிவிலும் போனில் ஒரு படமும் எடுத்து வைக்கட்டும்.

நேரத்தைத் தீர்மானிப்பது வெயில். யாழ்ப்பாணத்து நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும். கண் குழிக்குள் நிழல் விழுந்து முகம் கறுத்துப் போகும். வீடு கிழக்குப் பார்த்ததென்றால் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு விறாந்தையும் முற்றத்தின் ஒரு பகுதியும் வீட்டு நிழலுக்குள் வந்துவிடும். அந்த ஒளி மென்மையானது, ஐந்தரை வரை பெரிதாக மாறாது. மேற்குப் பார்த்த வீட்டுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பதரை. முகத்தின் ஒரு பக்கம் இருண்டால் ஒரு ரெஜிபோம் பலகையையோ வெள்ளை வேட்டியையோ எதிர்ப்பக்கம் பிடியுங்கள். படலைப் பக்கம் வெயிலும் விறாந்தை நிழலுமாக இருந்தால் இரண்டையும் ஒரே ஷாட்டில் சமாளிக்கப் போன் திணறும். படலை திறப்பதைத் தனி ஷாட்டாக எடுத்துவிடுங்கள்.

போனில் பின்பக்கக் கமராவையே பாவியுங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள். பாதி "மங்கல்" விரல் எண்ணெய்தான். ஃப்ளைட் மோட் போடுங்கள். படத்தரம் 1080பி, நொடிக்கு 25 பிரேம் (தனிப் படம்), ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம், 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ரியூப் லைற் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/50 அல்லது 1/100 இல் எடுத்தால் அது தெரியாது. 1/60 இல் எடுத்தால் சுவரில் கறுப்புப் பட்டிகள் ஊரும். எடிட்டிங்கில் அதை அழிப்பது பெரிய தலையிடி. போனோடு வந்த கமரா செயலியில் இந்த எண்கள் இல்லையென்றால் பிளாக்மாஜிக் கமரா, ஓப்பன் கமரா ஆகிய இலவசச் செயலிகள் இருக்கின்றன. வெளி வெளிச்சத்தில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப் போகும், ஏனென்றால் பெரும்பாலான போன்களில் ஒளி நுழையும் லென்ஸ் துவாரம் சுருங்காது. அங்கே ஷட்டர் வேகத்தைக் கூட்டலாம், பிழையில்லை. ஆனால் ஃபோகஸ், வெளிச்சம், வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கும் நிற அமைப்பு) மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால் அக்கா முன்னுக்குக் குனியும்போது பின்சுவர் நீலமாகி மஞ்சளாகும். விரலால் சூம் இழுக்காதீர்கள். நடந்து கிட்டப் போங்கள்.

இனிக் கமரா நிற்கும் இடம். அக்காவின் மூக்கிலிருந்து தம்பியின் மூக்குக்கு ஒரு கோடு இருப்பதாக நினைத்து, உண்மையிலேயே ஒரு கயிற்றை நிலத்தில் போடுங்கள். முதல் ஷாட் கயிற்றின் எந்தப் பக்கமிருந்து எடுக்கப்பட்டதோ, எல்லா ஷாட்டும் அந்தப் பக்கமிருந்துதான். தாண்டினால் வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதாகவே தெரியாது. ஷாட் எடுக்குமுன் கயிற்றை எடுக்க மறந்துவிட வேண்டாம்.

இந்தக் காட்சிக்கு ஆறு நிலைகள் போதும். படலை. பிறகு இருவரும் தெரியும் அகலமான ஷாட், காட்சி முழுவதும் நிறுத்தாமல். அக்கா இடுப்புக்கு மேல். தம்பி இடுப்புக்கு மேல். பையைத் தடவும் கை. அக்காவின் முகம் மட்டும். நடுவில் வரும் இரண்டிலும் கடைசியிலும் வசனம் முழுவதையும் திரும்ப நடிக்கச் சொல்லுங்கள், கமராவில் இல்லாதவரும் சொல்ல வேண்டும். தனக்குரிய வரியை மட்டும் எடுத்து நிறுத்தினால் மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் கிடைக்காது; காட்சியின் உயிர் அந்த முகத்தில்தான். பதிவு தொடங்கி ஐந்து நொடி கழித்தே "தொடங்கு" சொல்லுங்கள், முடிந்த பிறகும் ஐந்து நொடி ஓடவிடுங்கள்.

படத்தை விட ஒலியில்தான் குழுக்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. இரண்டு அடி தள்ளியிருக்கும் கமரா போன் காகத்தையும் பனையோலையையும் சேர்த்தே கேட்கும். இன்னொரு போனில் பதிவுச் செயலியைத் திறந்து, பேசுபவரின் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் வையுங்கள். சிறிய கொலர் மைக் கிடைத்தால் இன்னும் நல்லது. பதிவுச் செயலியில் 48 கிலோஹேர்ட்ஸ் வையுங்கள்; உரத்த சத்தத்திலும் ஒலி அளவு காட்டி மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும். மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் வெளியில் பதிந்தால் முழுக்க உறுமல்தான். ஃபானையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிள் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் வீட்டுக்குப் போகும்போது பிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

கோயில் ஸ்பீக்கர் பாடினாலோ பாண் ஓட்டோ இசையோடு வந்தாலோ நிறுத்திக் காத்திருங்கள். மெல்லியதாகக் கேட்டாலும் பிழைதான்: ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும். ஊர்த் திருவிழாத் திகதியை முதலே விசாரித்துவிடுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கமரா முன் "மூன்றில் இரண்டு" (மூன்றாம் நிலை, இரண்டாவது டேக்) என்று எண் சொல்லி ஒரு கைதட்டு. எல்லாம் முடிந்ததும் அனைவரும் அசையாமல் நிற்க, வெறும் விறாந்தைச் சத்தத்தை ஒரு நிமிடம் பதியுங்கள். சிரிப்பு வரும், அடக்குங்கள்.

ஆறு நிலை, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு டேக் என்றால் ஏறத்தாழ இருபது நிமிடப் பதிவு. 1080பி நிமிடத்துக்கு 130 மெகாபைட் என்று வையுங்கள், இரண்டரை ஜிகாபைட்டைத் தாண்டும். போனில் பத்து ஜிகாபைட் காலியாக இருக்கட்டும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். கேபிளால் கணினிக்கு மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகே போனில் அழியுங்கள்.

வெட்டுவதற்குப் போனில் காப்கட் போதும். கணினி தாங்குமென்றால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு. திட்டத்தையும் 25 பிரேமில் தொடங்குங்கள். கைதட்டில் ஒலி மேலெழும் முனையும் கைகள் முட்டும் பிரேமும் பொருந்த இரண்டையும் ஒட்டுங்கள். போன்கள் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை. நீளமான டேக்கில் போகப் போக உதடு விலகினால் ஹேண்ட்பிரேக் மூலம் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பத் தொடங்குங்கள்.

முதலில் அகலமான ஷாட்டை மட்டும் வரிசையில் போட்டு, தேவைப்படும் இடத்தில் மாத்திரம் மற்றவற்றை நுழையுங்கள். தம்பி சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டும் அசைவின் நடுவில் வெட்டினால் கண் அசைவைத் தொடரும், வெட்டைக் கவனிக்காது. "அப்ப துண்டைக் காட்டு" என்ற வரியை அக்காவின் முகத்தில் வைக்காதீர்கள். தம்பியின் முகத்தில் படம் நிற்க, குரல் மட்டும் வரட்டும். பிறகு கை, பிறகுதான் அக்கா. "ஓம்" என்பதற்கும் "குடுத்தனான்" என்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளியை வேகம் வேண்டுமென்று நறுக்கிவிடும் பழக்கம் உண்டு. அந்த 15 பிரேமில்தான் பொய் பிறக்கிறது, தொடாதீர்கள். ஒலியை வெட்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். அங்கே நீங்கள் பதிந்த விறாந்தைச் சத்தத்தை அடியில் நிரப்புங்கள். இசை வேண்டாம்.

எழுத்துப் போடும்போது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்யாதீர்கள். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யுனிகோட்டில் போட்டாலும் சில செயலிகளில் கொம்பு இடம் மாறும், ஆகவே "கொ", "கோ", "கௌ" மூன்றையும் முதலில் அடித்துப் பாருங்கள்.

எச்.264, எம்பி4, நொடிக்கு 12 மெகாபிட் அளவில் வெளியெடுத்து, ஒரு தடவை போன் ஸ்பீக்கரிலும் ஒரு தடவை ஹெட்போனிலும் கேளுங்கள். பிறகு கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, "காசு என்ன ஆனது?" என்று கேளுங்கள். "குடுத்திட்டான்தானே" என்றால் கை ஷாட்டை இன்னும் ஒரு நொடி நீட்டுங்கள்.