மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிவது எப்படி நின்றது?

அணைக்கட்டுப் பக்கம் உள்ள பாசனக் கிணற்றில் நீந்துவதற்காக, கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் மாஸ்க்கும், நீரில் முகம் வைத்தபடியே வாயால் மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கல் குழாயும் வாங்கினேன். தலையை நீரில் வைத்ததுமே கண்ணாடி மங்கியது; மூக்கடியில் தண்ணீர் கசிந்து தேங்கியது.

பட்டையை இறுக்கினேன். கசிவு கூடியதுதான் மிச்சம். இறுக்க இறுக்கச் சிலிக்கோன் விளிம்பு மடங்கி நீருக்கு வழிவிடுகிறது. வேறு அளவு மாஸ்க்குக்கு மாற்றியும் பயனில்லை. மங்கலுக்கு எச்சில் தடவினேன். சற்று விலகி மீண்டும் படர்ந்தது.

பிறகு பட்டையில்லாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுத்துப் பார்த்தேன். கையை எடுத்தாலும் அது ஒட்டி நிற்க வேண்டும். நின்றது, ஆனால் கீழ்விளிம்பில் மட்டும் 'உஸ்' என்று காற்று நுழைந்தது. காரணம் மீசை! முழுவதும் எடுக்க மனம் வருமா? மூக்கை ஒட்டிய மேல்வரிசையை மட்டும் மெல்லிய கோடாக மழித்தேன். விளிம்பு தோலில் நேராகப் படிந்தது, கசிவு நின்றது.

மங்கலுக்குக் காரணம், புதுக் கண்ணாடியின் உட்புறம் தயாரிப்பின்போதே படியும் மெல்லிய படலம். வெள்ளைப் பற்பசையை விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அதன் பிறகே எச்சில் வேலை செய்தது. பிளாஸ்டிக்குக்கும் பூச்சுள்ள கண்ணாடிக்கும் பற்பசை ஆகாது, கீறல் விழும்.

ஸ்நார்க்கலில் அடி வால்வு (குழாய்க்குள் புகுந்த நீரை வெளியேற்றும் ஒருவழி மூடி) இல்லாத சாதாரணக் குழாயே கிணற்றுக்குப் போதும். பாசித் துணுக்கு ஒன்று வால்வின் இடுக்கில் சிக்கினால் வாய்க்குள் தண்ணீர்தான்.