கருப்பைத் தசையின் பொட்டாசியம் சேனல் மரபணுக்கள்: ஆய்வு முடிவுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்ப காலத்தின் பெரும்பகுதியில் கருப்பைத் தசை வலுவாகச் சுருங்காமல் அடங்கியிருப்பதற்கு, பொட்டாசியம் அயனிகளைச் செல்லிலிருந்து வெளியேறவிடும் சேனல்கள் ஒரு முக்கியக் காரணம். பேறுகாலம் நெருங்கும்போது தசைச் செல்லின் ஓய்வு மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 70 மில்லிவோல்ட்டிலிருந்து மைனஸ் 55 அளவுக்குத் தளர்கிறது; அதாவது செல் எளிதில் தூண்டப்பட்டுச் சுருங்கும் நிலையை நெருங்குகிறது. அப்படியானால் சேனல் மரபணுக்களின் வெளிப்பாடு குறைந்திருக்க வேண்டும் என்று கருதி, மரபணுவிலிருந்து புரதம் உருவாக இடைநிற்கும் படியான தூது ஆர்.என்.ஏ.வின் அளவை மட்டும் சான்றாகக் காட்டுவதையே நான் முதன்மையான தவறாகக் கருதுகிறேன்.

இதற்கு ஹெர்க் எனும் பொட்டாசியம் சேனலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இதயத்திலும் இயங்கும் இந்தச் சேனல், பிரசவ வலிக்கு முன் கருப்பைச் சுருக்கங்களை மட்டுப்படுத்துகிறது. வலி தொடங்கியபின் அதன் செயல்பாடு குறைவதற்கு, அதைத் தடுக்கும் துணைப்புரதமான கேசிஎன்இ2 மிகுவதே காரணம் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடற்பருமன் கொண்ட பெண்களிடமோ அந்தத் துணைப்புரதம் அவ்வாறு மிகவில்லை, ஹெர்க்கின் செயல்பாடும் தணியவில்லை. ஹெர்க்கின் சொந்த மரபணுவை மட்டும் அளப்பவரின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தென்படாமலே போகலாம். ட்ரெக்-1 எனும் மற்றொரு பொட்டாசியம் சேனலில் சிக்கல் வேறு வகையானது: குறைப்பிரசவத் தசையில் அதன் குறுகிய வடிவங்களும் கண்டறியப்பட்டுள்ளதால், எல்லா வடிவங்களையும் ஒன்றாகக் கூட்டும் அளவீடு எதையும் விளக்காது.

மாதிரி எங்கிருந்து வந்தது என்பதைக் கேளாமல் விடுவதும் அதே அளவு தீங்கானது. சிசேரியனின்போது பெரும்பாலும் கருப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தே திசு எடுக்கப்படுகிறது. அதை முழுக் கருப்பைக்கும் பொருத்திவிடக் கூடாது. இரத்தக் குழாய்த் தசையிலும் இதே சேனல்கள் பல இருப்பதால், கலந்துவிட்ட குழாய்கள் அளவீட்டைத் திரிக்கும். 'வலியில் உள்ளவர்' என்ற பிரிவில் வருபவர்களில் பலர், பிரசவம் முன்னேறாததாலோ குழந்தையின் நிலை கவலைக்கிடமானதாலோ அறுவைக்கு வந்தவர்கள். சிலருக்குக் கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டும் ஆக்சிடோசினும் செலுத்தப்பட்டிருக்கும். இயல்பான பிரசவத்தின் பிரதிநிதிகளாக அவர்களைக் கொள்வதற்குமுன் இந்த விவரங்களைப் பார்த்தாக வேண்டும்.

எலிகளில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றுவதும் தவறு. எலிகளில் பிரசவத்துக்கு முன்பே, கர்ப்பத்தைத் தக்கவைக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இரத்தத்தில் வீழ்கிறது. பெண்களில் நஞ்சுக்கொடி வெளியேறும்வரை அது உயர்ந்தே இருப்பதால், ஒரே சேனல் மரபணு இரண்டிலும் ஒரே ஹார்மோன் ஆணைக்குக் கட்டுப்படுகிறது என்று கொள்ள இடமில்லை.