எலன் டெரியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்து மேடையின் பெரிய நடிகை எலன் டெரி. அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் சறுக்குவது பிறந்த ஆண்டில். தன் வரலாற்றில் அவரே 1848 என்று எழுதிவிட்டார். சரியான தேதி 1847 பிப்ரவரி 27, ஊர் காவென்ட்ரி. ஒரு வருஷம்தானே என்று விடக்கூடாது. 1856-இல் லண்டன் பிரின்சஸ் தியேட்டரில், நம் நாடகக்காரர்கள் பாலபார்ட் என்பார்களே அதுபோல, சிறுவன் மாமிலியஸாக ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அவர் மேடையேறியபோது வயது எட்டா ஒன்பதா என்பது இதை வைத்துத்தான். ஒன்பது. அப்பா அம்மா ஊர் ஊராகப் போய் நடித்தவர்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் மேடைதான்.

அடுத்தது, என்னை உண்மையிலேயே வருத்தும் தவறு: அவர் வாழ்க்கையை ஆண்களின் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவது. ஓவியர் வாட்ஸின் மனைவி, கட்டடக் கலைஞர் காட்வினின் காதலி, நடிகர் இர்விங்கின் மேடை ஜோடி, பெர்னார்ட் ஷாவின் கடிதத் தோழி. எல்லாம் நடந்தவைதான். 1864-இல், பதினேழு வயதுகூட நிறையாத பெண்ணை 46 வயது வாட்ஸ் மணந்தார்; ஒரு வருஷம்கூட அது நிலைக்கவில்லை. பிறகு காட்வினோடு மேடையை விட்டு ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கிராமத்தில் சில ஆண்டுகள், தாலி இல்லாத குடும்பம், இரண்டு குழந்தைகள். இவற்றை எழுதுகிறவர்கள் 1874-ஐ மட்டும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கடன்காரர்கள் வீட்டு வாசலில் நின்ற காலம் அது. கிராமத்துச் சாலையில் அவருடைய வண்டிச் சக்கரம் கழன்றுவிட, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் நாடகாசிரியர் சார்ல்ஸ் ரீட். மேடைக்குத் திரும்பி வா என்றார். வாரம் 40 பவுண்டு தந்தால் வருகிறேன் என்றார் எலன். ரீட் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். தன் விலையைத் தானே சொன்ன அந்தப் பெண்ணிடமிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள், பிறகு வருவதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

எலனை லேடி மக்பெத்தாக வரைந்து ஓவியர் சார்ஜென்ட் 1889-இல் முடித்த ஓவியத்தை மேடைக் காட்சியின் பதிவாக எடுத்துக்கொள்வதும் தவறு. கிரீடத்தைத் தலைக்கு மேலே இரு கையாலும் உயர்த்தும் அந்தக் காட்சி நாடகத்தில் கிடையாது, ஓவியரின் கற்பனை. ஆனால் உடை நிஜம். பச்சை நூலில் பின்னி, மேலெல்லாம் ஆயிரம் அளவுக்கு வண்டுச் சிறகுகளைத் தைத்தது. நாம் சிறு வயதில் தீப்பெட்டிக்குள் பொத்தி வைத்திருந்தோமே, அந்தப் பொன்வண்டின் இனத்துச் சிறகுகள். விளக்கொளியில் எப்படி மின்னியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓவியரைப் புகழும் கட்டுரைகளில் அந்த உடையை வடிவமைத்த ஆலிஸ் கோமின்ஸ் கார், தைத்த ஆடா நெட்டில்ஷிப் ஆகியோரின் பெயர்கள் விட்டுப்போகின்றன. விடாதீர்கள். உடை இன்றும் கென்ட்டில், எலன் வாழ்ந்து 1928-இல் மறைந்த ஸ்மால்ஹைத் வீட்டில் இருக்கிறது.

சின்னத் தவறுகள் இரண்டு. பின்னாளைய நடிகர் ஜான் கீல்குட் எலனுடைய பேரன் அல்ல, அக்கா கேட்டின் பேரன். பெண்களுக்கான 'சர்' என்று சொல்லத்தக்க 'டேம்' பட்டம் பெற்ற முதல் நடிகையும் அவர் அல்ல. ஜெனவீவ் வார்ட் 1921-லேயே பெற்றுவிட்டார். எலனுக்கு அது கிடைத்தது 1925-இல். இர்விங்குக்கு 'சர்' பட்டம் 1895-லேயே வந்திருந்தது.

இர்விங் என்றதும் இன்னொன்று. 1878-இல் லைசியம் தியேட்டரில் சேர்த்துக்கொண்டு அவர்தான் எலனை ஆளாக்கினார் என்று எழுதுகிறார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே வேறொரு கம்பெனியில் 'வெனிஸ் வணிகன்' நாயகி போர்ஷியாவாக நடித்து லண்டனை அசத்தியிருந்தார் எலன். நாடகம் ஓடவில்லை, அவர் பெயர் நிலைத்தது. லைசியத்தில் அதே போர்ஷியா 1879-இல் தொடங்கி 250 இரவுகள் ஓடியது. ஒஃபீலியா, பியாட்ரிஸ், லேடி மக்பெத் எல்லாம் அங்கேதான். ஆனால் எந்த நாடகம் என்று முடிவு செய்தது ராஜபார்ட் இர்விங். அதனால்தான் ஷேக்ஸ்பியரின் எல்லா நாயகியராகவும் நடித்தவர் என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். 'ஆஸ் யூ லைக் இட்' நாயகி ரோசலிண்ட் அவருக்குக் கிடைக்கவே இல்லை. முதுமையில் ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். நான் பியாட்ரிஸாக இருந்திருக்கிறேன் என்று பெருமையோடு சொன்னவர், ரோசலிண்டாக இருந்திருக்கிறேன் என்றும் சொல்ல முடிந்திருக்கக் கூடாதா என்று அங்கே ஏங்கியிருக்கிறார்.